கடல் ஏறினால் வீடு மாறும் தெய்வம்

டோக்கியோவுக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஃபுஜிசாவா நகரின் கரையை ஒட்டி எனோஷிமா என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 4 கிலோமீட்டர், உயரம் 60 மீட்டர். அங்கே போகிறவர்களில் பாதிப் பேராவது இப்படித்தான் செய்வார்கள்: பாலத்தைக் கடப்பார்கள், பச்சை படிந்த வெண்கலத் தோரியின் கீழே நுழைவார்கள் (தோரி என்பது ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் கோயில்களில் நிற்கும் தோரணவாயில்). கடைத்தெருவில், இரண்டு சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஆக்டோபஸை நசுக்கிச் சுட்டுத் தரும் முறத்தளவு அப்பளத்தை வாங்கிக் கடித்துக்கொண்டே படியேறுவார்கள். முதல் சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, இன்னொரு முறை குனிந்து கும்பிடுவார்கள். அப்புறம் மேலே பூங்கா, கலங்கரை விளக்கம், ஒரு காபி. தீவின் பின்பக்கம் குகை இருக்கிறது என்று பலகை சொல்லும். எட்டிப் பார்த்தால் படிகள் நேரே கடலுக்குள் இறங்குவது போலத் தெரியும். இறங்கினால் திரும்ப ஏறவேண்டுமே என்று அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள்.

கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கருவறையைப் பார்க்காமல் வருவதற்குச் சமம் இது. எனோஷிமாவில் குகை, கோயிலோடு சேர்ந்த கூடுதல் இடம் இல்லை. குகைதான் முதலில். மேலே இருக்கிற சன்னதிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. சொல்லப்போனால், வாசலிலிருந்து உள்ளே போகப் போக வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. முதலில் வரும் ஹெட்சுமியா சன்னதி 1206இல் ஷோகன், அதாவது ராணுவ ஆட்சித் தலைவர், மினமோட்டோ நோ சனெடோமோ கட்டியது. அடுத்து வரும் நகட்சுமியாவின் தொடக்கம் 853 என்கிறது கோயில் மரபு. கடைசியில் ஒகுட்சுமியா. அதையும் தாண்டிக் கீழே இறங்கினால் குகை. அங்கே வழிபாடு தொடங்கியது 552இல், கின்மே பேரரசர் காலத்தில் என்பது மரபு. இந்தப் பழைய ஆண்டுகளைக் கல்வெட்டுச் சான்று போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எது முதலில், எது பின்னால் என்ற வரிசையில் கோயிலுக்கே சந்தேகம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குகையின் பெயர் இவாயா. பாறை வீடு என்று பொருள். நாம் கருவறை என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருட்டும் ஈரமும் இருக்கிறது இல்லையா, அதே உணர்வுதான் இங்கும். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கருவறையை யாரும் செதுக்கவில்லை. பாறையில் இருந்த விரிசல்களைப் பிடித்து அலைகள் குடைந்துகொண்டே போனதில் உண்டானது. முதல் குகை 152 மீட்டர் உள்ளே போகிறது, இரண்டாவது 56 மீட்டர். தோண்டியது கடல் என்பதால், அதற்குக் கடல் உரிமையும் கொண்டாடியது. ஆண்டில் பாதி நாள், அதாவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, குகைக்குள் கடல்நீர் ஏறிவிடும். அப்போது தெய்வம் என்ன செய்யும்? வீடு மாறும். குகையிலிருந்து எழுந்தருளி மேலே வந்து தங்கிய இடம்தான் ஒகுட்சுமியா. ஜப்பானியர் அதை ஓதாபிஷோ என்பார்கள்: தெய்வம் பயணத்தில் தங்கும் இடம். திருவிழாவில் உற்சவர் வந்து இறங்கும் மண்டபத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஆனால் இங்கே ஊர்வலம் ஊருக்குக் காட்சி தருவதற்காக நடந்ததில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது உள்ள ஒகுட்சுமியா 1841இல் எரிந்துபோய் மறு ஆண்டே திரும்பக் கட்டப்பட்டது. அதன் கூரையின் உட்புறத்தில் ஓர் ஆமை வரையப்பட்டிருக்கிறது. எங்கே நின்று பார்த்தாலும் நம்மையே முறைப்பது போல இருக்கும். 1803இல் சகாய் ஹொய்ட்சு என்ற ஓவியர் வரைந்தது அதன் மூலம். இன்று மேலே இருப்பது பின்னாளில் வரைந்த நகல்.

சரி, அந்த வீட்டில் குடியிருப்பது யார்? இதற்கு இரண்டு பதில் உண்டு. பலகையில் எழுதியிருக்கும் பதில் ஒன்று, வருகிறவர்கள் மனதில் இருக்கும் பதில் ஒன்று.

பலகையின்படி மூன்று சகோதரிகள். ஹெட்சுமியாவில் தகிட்சுஹிமே, நகட்சுமியாவில் இச்சிகிஷிமாஹிமே, ஒகுட்சுமியாவில் தகிரிஹிமே. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிகி நூலில் வரும் கடல் தேவதைகள். சூரிய தேவி அமத்தெராசு தன் தம்பி சுசனோவின் வாளை வாங்கி, மூன்றாக உடைத்து, மென்று, மூச்சாக ஊதியபோது அந்த மூடுபனியிலிருந்து பிறந்தவர்கள். கடல் வழிகளைக் காப்பவர்கள். கியூஷூ தீவின் முனகட்டா கோயில்தான் இவர்களுக்குத் தலைமை இடம்.

ஆனால் எனோஷிமாவுக்கு வருகிற எந்த ஜப்பானியரையும் கேட்டுப் பாருங்கள், "பென்டென் சாமியைப் பார்க்க வந்தேன்" என்பார். பாலத்தின் பெயரே பென்டென் பாலம்தான். பென்டென் என்பது பென்சைடென் என்பதன் செல்லச் சுருக்கம். பென்சைடென் யார் என்றால், நம் சரஸ்வதி.

ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, அதே தெய்வம்தான். பொன்னொளிச் சூத்திரம் எனப்படும் சுவர்ணபிரபாச சூத்திரத்தில் சரஸ்வதிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அந்த நூலை ஓதுகிறவர்களுக்கு நாவன்மை தருவதாக அவள் அதில் வாக்களிக்கிறாள். 703இல் யீஜிங் என்ற சீனத் துறவி அதை மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பு ஜப்பானுக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த இடம் சாதாரணமானதல்ல. நாட்டைக் காக்கும் நூல் அது என்று நம்பிய ஷோமு பேரரசர், 741இல் மாகாணத்துக்கு ஒரு கோயில் கட்டி அங்கே அதை வைக்கச் சொன்னார். நூலோடு சரஸ்வதியும் நாடெங்கும் போனாள். சீனத்தில் அவளுக்கு வைத்த பெயருக்கு நாவன்மையும் திறமையும் தரும் தேவி என்று பொருள். அந்த எழுத்துகளை ஜப்பானியர் வாசிக்கும் விதம்தான் பென்சைடென்.

வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் கையில் இருக்கும். இதுவரை நமக்குப் பழகிய முகம். ஆனால் அந்தச் சூத்திரத்தில் வரும் சரஸ்வதிக்கு எட்டுக் கைகள். வில், அம்பு, வாள், கோடாரி, வச்சிரம், பாசக்கயிறு என்று எல்லாம் ஆயுதங்கள். வெள்ளைத் தாமரையில் ஏடு படிக்கிறவளை மட்டும் தெரிந்த நமக்கு இது துர்க்கை போலத் தோன்றும். ஆனால் ரிக் வேதத்தின் 6ஆம் மண்டலம் சரஸ்வதி நதியைப் பாடும்போது அவளை விருத்திரனைக் கொன்றவள் என்றே அழைக்கிறது. விருத்திரன் தண்ணீரை அடைத்து வைத்திருந்த பாம்பு. நாம் மறந்துவிட்ட அந்தப் போர்க்கோலத்தை ஜப்பான் பத்திரமாக வைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஹெட்சுமியாவின் பக்கத்தில் எட்டு மூலை உள்ள ஒரு மண்டபம் இருக்கும். தனிக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். எட்டுக் கைப் பென்சைடெனும் பிவா மீட்டும் பென்சைடெனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டாமவள் ஆடையில்லாத சிற்பம், 'அம்மண பென்டென்' என்று ஊரே சொல்லும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சிலைகளுக்கு நிஜத் துணி உடுத்துவது வழக்கம். நம் ஊர் அபிஷேகமும் அலங்காரமும் தெரிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

அந்த எட்டுக் கை தேவியை எனோஷிமாவுக்கு அழைத்தது அரசியல். பக்கத்து ஊரான கமகுராவில் தன் ஆட்சியை ஊன்றிக்கொண்டிருந்த மினமோட்டோ நோ யோரிடோமோவுக்கு வடக்கே ஃபுஜிவாரா நோ ஹிடெஹிரா பெரிய தலைவலி. 1182இல் மொங்காகு என்ற துறவியை வைத்து எனோஷிமாவில் பென்சைடெனை எழுந்தருளச் செய்தார். ஹிடெஹிரா ஒழிய வேண்டும் என்பதே வேண்டுதல். மொங்காகு 21 நாள் உண்ணாமல் தீவில் தவம் இருந்தார் என்று கமகுரா அரசின் வரலாற்றுக் குறிப்பான அசுமா ககாமி சொல்கிறது. 552 என்கிற மரபைப் போலல்லாமல் இங்கே காலடி கொஞ்சம் உறுதியான தரையில் இருக்கிறது. அதே குறிப்பில் 1216இல் கடல் விலகி, படகில்லாமல் மக்கள் தீவுக்கு நடந்துபோன அதிசயமும் பதிவாகியிருக்கிறது. இன்றும் கடல் நன்றாக வற்றும் நாட்களில் பாலத்தின் பக்கத்திலேயே மணல்திட்டு தலைகாட்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடப்பவர்களைப் பார்க்கலாம்.

யோரிடோமோவின் மாமனார் ஹோஜோ டோகிமாசாவுக்கும் குகையில் ஒரு கதை இருக்கிறது. தன் வம்சம் தழைக்க வேண்டும் என்று அங்கே தவம் கிடந்தார். கடைசி நாள் இரவு ஓர் அழகி தோன்றி வரம் கொடுத்தாள். பிறகு பெரிய நாகமாக மாறிக் கடலுக்குள் போனாள். அவள் இருந்த இடத்தில் மூன்று செதில்கள் கிடந்தன. அந்த மூன்று முக்கோணச் செதில்கள்தான் ஹோஜோ குலத்தின் சின்னம். கோயிலின் சின்னத்திலும் அலைகளுக்கு நடுவே அதே மூன்று செதில்கள். உண்டியல், விளக்கு, திரைச்சீலை என்று எங்கே திரும்பினாலும் அது கண்ணில் படும். தெரியாமல் போனால் வெறும் முக்கோணம்.

தேவி ஏன் பாம்பாகிறாள்? அதற்குத் தீவின் பிறப்புக் கதைக்குப் போகவேண்டும். 1047இல் கோகெய் என்ற துறவி எழுதியதாகச் சொல்லப்படும் எனோஷிமா தலபுராணம் இது. எதிர்க்கரையில் ஒரு ஏரியில் ஐந்து தலை நாகம் வாழ்ந்தது. வெள்ளமும் நோயும் கொண்டுவந்து, கடைசியில் குழந்தைகளைத் தின்னத் தொடங்கியது. 552இல் ஒருநாள் வானம் இருண்டு, நிலம் நடுங்கி, கடலிலிருந்து தீவு ஒன்று எழுந்தது. அதில் தேவி இறங்கினாள். நாகம் அவள்மேல் காதல் கொண்டு நீந்தி வந்து பெண் கேட்டது. "நீ செய்த பாவத்துக்கு உனக்குப் பெண்ணா?" என்று மறுத்தாள். நாகம் திருந்தியது, அவளும் மணக்கச் சம்மதித்தாள். காலம் முடிந்ததும் மலையாக மாறித் தீவைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. அந்த இடத்தின் பெயர் இன்றும் தட்சுனொகுச்சி, நாகத்தின் வாய். பிற்காலத்தில் கமகுரா அரசு அங்கேதான் தலை வெட்டும் களம் வைத்திருந்தது. 1271இல் நிச்சிரென் துறவி அங்கே வாளுக்குத் தப்பியது ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நாகத்துக்கும் தனிக் கோயில் உண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை, பாம்பு ஆண்டில், அந்தக் கோயிலிலிருந்து நாக வடிவத்தை எடுத்துக்கொண்டுபோய் எனோஷிமாவில் தேவியைப் பார்க்க வைப்பார்கள். பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணும் அதே அறுபதுதான் சீன, ஜப்பானிய ஆண்டுச் சுற்றிலும். கணவனும் மனைவியும் சந்திக்க ஆயுளில் ஒருமுறை என்பது கொஞ்சம் கஞ்சத்தனம்.

இந்தக் கதையை வெறும் கற்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தீவு கடலிலிருந்து எழும் என்பதை அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 1923 செப்டம்பர் 1இன் பெரும் காண்டோ நிலநடுக்கத்தில் எனோஷிமா சுமார் ஒரு மீட்டர் மேலே வந்தது. குகைக்கு முன்னால் மேசை போலப் பரந்து கிடக்கும் சிகொகாஃபுச்சி என்ற பாறைத்தளம், அலை மட்டத்திலிருந்து அப்படி உயர்ந்து வெளியே வந்ததுதான். தூண்டில் போடுகிறவர்களும், மாலையில் ஃபுஜி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்கிறவர்களும் நிற்பது அந்த ஒரு மீட்டரின் மேல்தான்.

எடோ காலத்தில், அதாவது இன்றைய டோக்கியோ எடோவாக இருந்தபோது, எனோஷிமா யாத்திரை பெரிய மோகம். அதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. பெரிய யாத்திரைத் தலமான இசே கோயிலுக்குப் போக ஹகொனே சோதனைச் சாவடியைத் தாண்டவேண்டும். அங்கே பெண்களைக் குடைந்து குடைந்து விசாரிப்பார்கள். எனோஷிமா அதற்கு இந்தப் பக்கமே இருந்தது. நடந்தால் இரண்டு நாளில் வந்துவிடலாம், அனுமதிச் சீட்டுத் தொல்லை இல்லை. இசைக்குத் தெய்வம் என்பதால் பாட்டுக் கற்றுத் தரும் ஆசிரியைகள் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நகட்சுமியாவின் முன்னால் நிற்கும் கல்விளக்குகளில் நகமுரா, இச்சிமுரா என்ற இரு கபுகி நாடகக் கொட்டகைகளின் பெயர்கள் இருக்கின்றன. வணிகர்களும் வந்தார்கள். பென்சைடென் என்ற பெயரில் திறமையைக் குறிக்கும் எழுத்துக்கும் செல்வத்தைக் குறிக்கும் எழுத்துக்கும் ஒரே ஒலி. எழுத்தை மாற்றிப் போட்டால் போதும், கலைமகள் திருமகளாகிவிடுவாள். அப்படித்தான் ஆனாள். ஹெட்சுமியாவின் குளத்தில் இன்றும் சில்லறைக் காசைக் கழுவுகிறவர்கள் அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் கழுவுகிறார்கள்.

அந்த யாத்திரிகர்களில் ஒருவரை மட்டும் நின்று பார்க்கவேண்டும். சுகியாமா வாய்ச்சி, 1610இல் பிறந்தவர், சிறு வயதிலேயே பார்வை போனவர். அக்குபஞ்சர் கற்கப் போனார். கை வரவில்லை என்று ஆசிரியர் அனுப்பிவிட்டார். எனோஷிமா குகைக்கு வந்து பட்டினி கிடந்து வேண்டினார். திரும்பும் வழியில் ஒரு கல் தடுக்கி விழுந்தார். கையில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால் சுருண்ட இலைக்குள், சிலர் சொல்வதுபடி மூங்கில் குழலுக்குள், ஒரு பைன் ஊசி. ஊசியைக் குழலுக்குள் வைத்துத் தட்டி இறக்கினால் கை நடுங்காது, வலிக்காது, கண்ணும் வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. இன்று உலகம் முழுக்க அக்குபஞ்சர் ஊசியோடு வரும் வழிகாட்டிக் குழல் அந்த முறையின் தொடர்ச்சிதான். குகையும் கல்லும் கதையாகவே இருக்கட்டும், குழல் நிஜம். அவர் ஷோகன் சுனயோஷிக்கு வைத்தியரானார். "என்ன வேண்டும்?" என்று ஷோகன் கேட்க, "ஒரு கண்" என்றாராம். ஷோகனால் கண் தரமுடியவில்லை, எடோவில் ஹிதொட்சுமே என்ற இடத்தில் நிலம் தந்தார். ஊர்ப் பெயருக்கு முதலாவது என்று பொருள், ஒற்றைக் கண் என்றும் பொருள். அங்கே அவர் எனோஷிமா தேவிக்குக் கோயில் கட்டினார். டோக்கியோவின் சுமிதா பகுதியில் அது இன்றும் இருக்கிறது, எனோஷிமாவை நினைவூட்டும் ஒரு சின்னக் குகையோடு. தன்னைப் போன்றவர்கள் வழி தவறாமல் தீவுக்குப் போக அவர் நட்டுவைத்த வழிகாட்டிக் கற்கள் சில இன்னும் ஃபுஜிசாவா தெருக்களில் நிற்கின்றன. 1694இல் இறந்தார். தீவிலும் அவருக்குக் கல்லறை உண்டு. தடுக்கிய கல்லும் படிக்கட்டு ஓரமாக இருக்கிறது.

இத்தனை நூற்றாண்டும் எனோஷிமா கோயில் ஷின்டோவா பௌத்தமா என்று யாரும் கேட்கவில்லை. பௌத்தத் துறவிகள்தான் நிர்வகித்தார்கள், பகோடா என்ற பௌத்த அடுக்குக் கோபுரம் ஒன்றும் இருந்தது. 1868இல் ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி பேரரசரின் அரசு கேட்டது: இரண்டையும் பிரி. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு வந்த பென்சைடென் ஷின்டோ கோயிலின் மூலவராக இருக்க முடியாது என்றாகிவிட்டது. பகோடா இடிக்கப்பட்டது. துறவிகளின் தலைமை மடம் யாத்திரிகர் விடுதியாக மாறியது. அப்போதுதான் மூன்று சகோதரிகளின் பெயர்கள் பலகையில் ஏறின. முழுப் புதுமையும் இல்லை, இச்சிகிஷிமாஹிமேயும் பென்சைடெனும் ஒருவரே என்று முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். அதனால் காகிதத்தில் பெயர் மாறினாலும் கும்பிடுகிறவர்களுக்கு ஆள் மாறவில்லை. நான் முதலில் சொன்ன இரண்டு பதில்கள் இப்படி வந்தவை.

குகைக்கு இறங்குவோம். நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு 500 யென். இதை நடத்துவது நகராட்சி, கோயில் அல்ல. 1971இல் பாறை சரிந்து விபத்து நடந்தபின் குகையை மூடிவிட்டார்கள். வலுப்படுத்தி 1993இல்தான் திறந்தார்கள். இடையில் ஒரு தலைமுறைக்கு எனோஷிமா என்றால் குகை இல்லாத எனோஷிமாதான். முதல் குகையில் கொஞ்ச தூரம் போனதும் கையில் ஒரு மெழுகுவத்தி கொடுப்பார்கள். அதன்பின் கூரை தாழ்ந்துகொண்டே போகும், உயரமானவர்கள் குனிந்தே நடக்கவேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். இருபுறமும் முகம் தேய்ந்த கற்சிலைகள், பௌத்தச் சிலைகள். பிரிக்கச் சொன்ன ஆணை இந்த இருட்டுக்குள் அவ்வளவாக எட்டவில்லை போலிருக்கிறது. குகை இரண்டாகப் பிரியும். ஒரு கிளையின் முடிவில், இங்கிருந்து ஃபுஜி மலை அடிவாரத்து நருசவா பனிக்குகை வரை வழி போகிறது என்று நம்பிக்கை. மற்றொரு கிளையின் முடிவில் சின்னஞ்சிறு கல் சன்னதி. கோயில் பிறந்த இடம் அதுதான். பெரிதாக எதையாவது எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு வேலி, ஒரு தோரி, பின்னால் பாறை.

இரண்டாவது குகையில் ஒளியும் ஒலியுமாக ஒரு நாகச் சிலை வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். முதல் குகையின் மௌனத்தை அது கலைத்துவிடுவதால், என்னைக் கேட்டால் இரண்டாவதை முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது, ஆட்கள் வரிசை விட்டால்.

போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து ஒடக்யூ ரயிலில் கதாசே எனோஷிமா நிலையத்தில் இறங்கலாம். கமகுராவிலிருந்து வந்தால் கடலோரமாக ஓடும் எனோடென் ரயில். தீவில் ஏறுவதற்கு 1959இல் போட்ட நகரும் படிக்கட்டு இருக்கிறது, காசு கொடுக்கவேண்டும். அது மேலே மட்டும்தான் போகும், கீழே வராது. குகையிலிருந்து திரும்பும்போது முழங்காலுக்குச் சோதனை. கடல் அமைதியாக இருந்தால் பாறைத்தளத்திலிருந்து பாலத்தடிக்கு ஒரு சின்னப் படகு ஓடும், அதில் ஏறிவிடலாம். அலை அதிகமான நாட்களில் படகும் ஓடாது, குகையும் மூடிவிடுவார்கள். அப்படி ஒரு நாளில் போய் மாட்டிக்கொண்டால் நுழைவுச்சீட்டுக் கடையைப் பார்த்து முணுமுணுக்க வேண்டாம். படியேறி ஒகுட்சுமியாவுக்கு வந்து, அந்த ஆமைக்குக் கீழே நின்று கும்பிடுங்கள். கடல் உள்ளே விடாத மாதங்களில் தேவியும் அங்கேதான் இருந்தாள்.